ஒரு நாள் ராமேஸ்வரம், ஆளுக்கொரு பொட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் சொந்தக்காரர்கள் வரும் காலம். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி போன் வரும்: "என்னென்ன எடுத்துட்டு வரணும்?" அப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்கள்தான் இவை. விடியற்காலையில் ராமேஸ்வரம் சேர்ந்து, அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் குளித்து, சுவாமி கும்பிட்டு, மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்களுக்கானவை. இரவு தங்குகிறவர்கள் பெட்டியோடே வரலாம், அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரே நாள்தானே? பெரிய பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தால் என்ன?

வண்டிக்குள் இருக்கும்வரை ஒன்றுமில்லை. கடற்கரையில் இறங்கினால், பெரிய பைக்குக் காவலாக ஓர் ஆள் வேண்டும். அது யார் என்று எந்த வீட்டிலும் பேசி முடிவு செய்வதில்லை. "நீங்கள்லாம் போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ தானாகவே உட்கார்ந்துவிடுவார். 22 தீர்த்தமும் ஆடி மற்றவர்கள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். கூட்ட நாளென்றால் இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். பல வருஷமாக "ராமேஸ்வரம் போகணும், போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அப்புறம் "அம்மா, நீ போய்ட்டு வா" என்று சொல்லும்போது நடை சாத்தும் நேரம் ஆகியிருக்கும்.

யாரும் காவல் இருக்க வேண்டாத அளவுக்கு மூட்டை சிறுத்தால் போதும், இந்தப் பிரச்சினையே வராது. கீழே நான் சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

அப்படியென்றால் ஆளுக்கு எத்தனை துணி?

உடுத்தியிருப்பது ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. பயணத்துக்கு ஒரு செட், குளிக்க ஒரு செட், தனுஷ்கோடியில் போட்டோ எடுக்க ஒரு செட் என்று பிரிக்கும்போதுதான் பை வீங்குகிறது. வீட்டிலிருந்து உடுத்திக்கொண்டு வருவதையே குளிக்கும் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளும் துணியில் நல்லதாக ஒன்றை எடுத்தால் தரிசனத்துக்கும் போட்டோவுக்கும் அதுவே ஆகிவிடும்.

அடுக்குகிற விதம் முக்கியம். ஒருவருடைய மாற்று உடை, உள்ளாடை, சீப்பு, இரண்டு ஊக்கு, எல்லாவற்றையும் அவருடைய துண்டுக்குள்ளேயே சுருட்டி ஒரு பொட்டணமாகக் கட்டிவிடுங்கள். அதை ஒரு மஞ்சப்பையில் போட்டால் ஆளுக்கு ஒரு பை. நான்கு பேருக்கு நான்கு மஞ்சப்பை. நான்கும் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கும். உடை மாற்றும் அறையில் ஒருவர் ஈரக் கையோடு மொத்தப் பையையும் கிளறி, மற்றவர் துணியையெல்லாம் நனைத்து, "என் பாவாடை எங்கே?" என்று கத்துவது இதனால் மிச்சம். அறையும் சீக்கிரம் காலியாகும். வெளியே வரிசையில் நிற்கும் பெண்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

பை எப்படி இருக்கணும்?

முதுகில் மாட்டுவதாக இருக்கணும். துணிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பை வேண்டாம். அதற்கு வாய் மூடாது, ஒரு கையும் போய்விடும். உருட்டிக்கொண்டு போகும் பெட்டி கடற்கரை மணலில் உருளாது.

எந்த மாதிரித் துணியில் குளிப்பது?

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், உடம்பை விட்டு இறங்காது, சாயங்காலம் ஆனாலும் காயாது. பெண்களுக்குக் கெட்டி நிறத்தில் சுடிதார் நல்லது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் ஊக்குக் குத்திவிட்டால் கை இரண்டும் சும்மா இருக்கும். சேலைதான் வேண்டும் என்கிறவர்கள் பூனம் சேலை கட்டி வரட்டும். பருத்திச் சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். கோயிலின் கல்தரை முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், வழுக்கும். அங்கே சேலை தடுக்கினால் இடுப்புக்கு ஆபத்து.

ஆண்கள் உள்ளே அரை டிராயர் போட்டு மேலே காவி வேட்டியோ கறுப்பு வேட்டியோ கட்டலாம். வெள்ளை வேட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாற்று உடையாக வெள்ளை வேட்டி கொண்டு வாருங்கள்.

ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். குளித்தபின் உடை மாற்றித்தான் தரிசனம். "அப்படியே காய்ந்துவிடும், மாற்றுத்துணி வேண்டாம்" என்று துணிந்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

கடலில் குளித்தால் உடம்பும் துணியும் உப்புப் பிசுபிசுக்குமே? நடுவில் ஒரு முறை மாற்ற வேண்டாமா?

வேண்டாம். வரிசையே அப்படி அமைந்ததுதான். முதலில் அக்னி தீர்த்தம் என்கிற கடல். அப்புறம் அதே ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். இரண்டு மூன்று தீர்த்தம் தாண்டும்போதே உப்பும் மணலும் போயிருக்கும். சோப்பு, ஷாம்பு எதற்கும் அங்கே வேலையில்லை, வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீர் வேகமாக விழும். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் கடலில் இறங்கும் முன்பே கழற்றி டப்பாவில் போட்டு வைக்கணும்.

துண்டு எது?

பூத்துவாலை வேண்டாம். ஒன்றே பாதிப் பையை அடைத்துக்கொள்ளும், நனைந்தால் சாயங்காலம் வரை ஈரம் சொட்டும். ஈரிழைத் துண்டு போதும். பிழிந்து உதறினால் இந்தக் கடல்காற்றில் அரை மணியில் காய்ந்துவிடும். தனுஷ்கோடி வெயிலில் அதே துண்டு தலைக்கு முண்டாசு. வண்டியில் தூங்கும் பிள்ளைக்குப் போர்வை. மடித்து வைத்தால் தலையணை.

செல்போன், பணம், நகை?

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்குமே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த உத்தரவைப் போட்டது. அதனால் போனுக்காக வாட்டர்ப்ரூஃப் கவர் வாங்குவது வீண். வண்டியில் வந்தவர்கள் வண்டியிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தவர்கள், குளித்து உடை மாற்ற மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு விடும் அறைகள் சன்னதித் தெருப் பக்கம் கிடைக்கும், ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போன், பொட்டணம், செருப்பு எல்லாம் அதற்குள் போய்விடும். நான்கு பேர் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளியே உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போன் இல்லாமல் போவதால் ஒரு ஏற்பாடு முன்கூட்டியே செய்யணும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மூன்றாம் பிரகாரத்தில் நில்லு" என்று சொல்லாதீர்கள். அந்தப் பிரகாரத்தில் 1,212 தூண்கள், எந்தத் தூணும் அடுத்த தூணைப் போலவேதான் இருக்கும். "பெரிய நந்திக்கு முன்னால்" என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

பணத்தில் நோட்டுகளாகக் கொஞ்சம், ஒரு ஜிப் கவரில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். தீர்த்த டிக்கெட்டுக்கும், உடை மாற்றும் இடத்துக்கும் சில்லறை வேண்டும். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அலையில் மோதிரம் கழன்று போவது சர்வ சாதாரணம். தேடிக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தர்ப்பணம் கொடுக்கணும். எள், தர்ப்பை எல்லாம் வாங்கி வரணுமா?

தேவையில்லை. அக்னி தீர்த்தக் கரையில் இருக்கும் புரோகிதர்களிடம் எல்லாம் இருக்கும். நீங்கள் கொண்டு வர வேண்டியது பெயர்கள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கோத்திரத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பாட்டியின் அம்மா பெயரைக் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் குளிக்க மட்டும் என்று வருவதைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு எந்தப் பையும் பெரிய பைதான்.

ஈரத்துணியை என்ன செய்வது?

பெட்ஷீட் வாங்கினால் ஜிப் வைத்த கெட்டிக் கவர் ஒன்று வருமே, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இங்கே அது தங்கம். நான்கு பேர் துணியும் அடங்கும், சொட்டாது. நன்றாகப் பிழிந்து, உதறி, சுருட்டி வையுங்கள். மெல்லிய கேரி பேக் கடைகளில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. வண்டி இருந்தால் தனுஷ்கோடியில் நிறுத்தும்போது துணிகளைச் சீட்டின் மேல் விரித்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். திரும்பும்போது முக்கால்வாசி காய்ந்திருக்கும்.

குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டால் பாவம் போகும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. சுமை குறையுமே என்று அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சேலையும் வேட்டியும் அலையில் திரும்பக் கரைக்கே வருகின்றன, அடுத்து இறங்குகிறவர் காலில் சுற்றுகின்றன. மீன் வலையிலும் மாட்டுகின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவையுங்கள்.

செருப்பா, ஷூவா?

ரப்பர் செருப்பு. ஷூவும் சாக்ஸும் நனைந்தால் அன்றைய நாள் முழுக்க அவஸ்தை. கோயில் வாசலில் விட்டுப் போகவும் பழைய செருப்புதான் நிம்மதி.

சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாமா? தண்ணீர்?

ஒரு வேளைக்கு மட்டும் கட்டுங்கள். டிபன் கேரியர் வேண்டாம். சாப்பிட்டு முடித்தபிறகும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். புளியோதரையை வாழையிலையில் கட்டி மேலே பேப்பர் சுற்றினால், சாப்பிட்டதும் சுமை தீர்ந்தது. தயிர்சாதம் கட்டுவதானால் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் அது தானாகத் தயிராகிவிடும். முழுத் தயிர் ஊற்றினால் பதினோரு மணிக்கே புளித்துவிடும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் பாட்டில் வேண்டாம், வறுத்த மோர்மிளகாய் நாலைந்து போதும்.

இரண்டாவது வேளையை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தனுஷ்கோடி குடிசைக் கடைகளில் கண்ணெதிரே மீன் பொரித்துத் தருவார்கள். அதற்காகவே கோயிலை முதலிலும் தனுஷ்கோடியை அப்புறமும் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ கனம். ஐந்து லிட்டர் கேனை முதுகில் சுமக்க வேண்டாம். ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில், தீரத் தீர நிரப்பிக்கொள்ளலாம். ஊருக்குள் இளநீரும், பருவத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். தனுஷ்கோடிக்குக் கிளம்பும் முன் மட்டும் எல்லா பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். கோடி தீர்த்தம் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பினால் சின்ன பாட்டில் ஒன்று தனியாக.

தனுஷ்கோடிக்கென்று தனியாக ஏதாவது?

தொப்பி கொண்டு வருகிறவர்கள் தாடைக்குக் கயிறு உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் தொப்பி இலங்கைப் பக்கம் போய்விடும். குடை வேண்டாம், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக் காற்றில் கம்பி முறிந்து திரும்பும். முண்டாசுதான் சரி.

நிழலை எதிர்பார்க்காதீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அந்த ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டது. சர்ச்சின் சுவரும் இடிந்த கட்டடங்களும்தான் இப்போது மிச்சம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபிறகு வண்டி போய் நிற்கிறது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கு மேல் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போகணும். பழைய ஆட்கள் சொல்லும் "தனுஷ்கோடிக்கு அது வேணும், இது வேணும்" என்ற பட்டியல் பெரும்பாலும் அந்தக் காலத்தது.

சாலையில் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணைப் பக்கக் கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதால் முன்னதைப் பெண்கடல் என்றும், சீறுவதால் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரில் ஏமாந்து இரண்டிலும் இறங்கிவிடக் கூடாது. முனையில் நீரோட்டம் இழுக்கும், குளிக்கத் தடை. அதனால் இங்கே குளிக்க என்று இன்னொரு செட் துணி எடுத்து வருவது வீண்சுமை. பிள்ளைகள் கடலில் ஆடியே ஆகணும் என்றால் உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரை இருக்கிறது, சவுக்கு மர நிழலோடு. திரும்பும் வழியில் அங்கே நிறுத்தலாம், காலையில் குளித்த ஈரத்துணியையே மறுபடி போட்டுவிடுங்கள்.

பொழுது சாய்ந்தால் தனுஷ்கோடிக்குள் வண்டிகளை விடுவதில்லை. கோயில் நடையும் மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறக்கும். இந்த இரண்டு மணி நேரத்தைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்கினால் நாள் சரியாக அமையும், வெயிலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் இன்னொன்று. அந்த முனையில் சில சமயம் இலங்கை நெட்வொர்க் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

கைக்குழந்தையும் வயதானவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு?

குழந்தை விஷயத்தில் நான் கறார் காட்டுவதில்லை. மூன்று செட் துணி, டயப்பர், பிடித்த தின்பண்டம், எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை 22 தீர்த்தத்துக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தலையில் இரண்டு சொட்டுத் தெளித்தால் போதும். குழந்தையோடு ஒருவர் இருந்தாக வேண்டும்தான். அதை முன்பாதி அப்பா, பின்பாதி அம்மா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டி தலையில் கட்டாதீர்கள்.

பெரியவர்களுக்கு மாத்திரை, அன்றைய நாளுக்கு மட்டும், ஒரு சின்ன டப்பாவில். முழு அட்டையும் டாக்டர் சீட்டு ஃபைலும் வேண்டாம், சீட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்தால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தீர்த்த வரிசையில் நிற்கக் கூடாது. கடலைமிட்டாய் இரண்டை ஜிப் கவரில் பணத்தோடு வைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால்?

வாடைக்காற்றும் மழையும் இருக்கும். ஈரிழைத் துண்டு காயாது, அதனால் ஆளுக்கு இரண்டு. மழைக்கோட்டுக்குப் பதில் பைக்கு ஒரு மழை உறை போட்டால் பொட்டணங்கள் தப்பிக்கும். ஆள் எப்படியும் நனையத்தானே வந்திருக்கிறோம்?

காசி யாத்திரைக்கு மண் எடுக்கணும். பாத்திரம் வேண்டுமா?

ஒரு கைப்பிடி மண்தான், ஜிப் கவர் போதும். பிரயாகையில் அதைக் கரைத்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீர் கொண்டு வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதுதான் முறை. அந்தச் சுமை அடுத்த பயணத்துக்கு.

திரும்பும்போது பையில் இடம் இருக்கணுமே? என்ன வாங்கலாம்?

சாப்பாடு தீர்ந்த இடமே போதும். பனையோலைக் கொட்டான் வாங்குங்கள், கனமே இருக்காது, கருப்பட்டியை அதற்குள் வைத்துக்கொள்ளலாம். கடற்காற்றில் கருப்பட்டி கசியும் என்பதால் பேப்பரில் சுற்றி வையுங்கள். ராமநாதபுரம் வழியாகப் போகிறவர்கள் முண்டு மிளகாய் அரைக் கிலோ வாங்கிப் போகலாம், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவாடு வாங்கினால் பேப்பர், அதன் மேல் கெட்டிக் கவர், அதன் மேல் இன்னொரு கவர். அப்படியும் பஸ்ஸில் வாசனை வரும். வண்டியின் டிக்கி உள்ளவர்கள் மட்டும் வாங்குவது சக பயணிகளுக்குச் செய்யும் உதவி.

கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டைப் பிள்ளைகள் பொறுக்கிப் பையில் போடுவார்கள். எடுக்க விடாதீர்கள். உயிரற்ற துண்டாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. சங்கும் சிப்பி மாலையும் கடையில் ஏராளமாக விற்கிறார்கள், ஆசைக்கு அதில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மறுநாள் மதுரையில் அதிசயம் தீம் பார்க் போகலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இதே பை ஆகுமா?

பை ஆகும், உள்ளே இருப்பதில் பாதி மாறும். அலைக்குளமும் சறுக்குகளும் உள்ள இத்தகைய பூங்காக்களில் பருத்தித் துணியோடு பொதுவாக விடுவதில்லை. நூல் இழைகள் தண்ணீர் வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடை கேட்பார்கள். வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் வீட்டிலிருந்தே ஒன்று கொண்டு போவது சுத்தம். கோயிலுக்கு எடுத்த சேலையும் வேட்டியும் அங்கே சுமைதான். வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே தடுப்பார்கள் என்பதால் புளியோதரையும் வேண்டாம், குழந்தைக்கான உணவுக்கு மட்டும் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். லாக்கர் எடுத்துவிடுங்கள், சாவியைக் கையில் கட்டிக்கொள்ளலாம். ராட்டினத்தில் ஏறும் முன் கண்ணாடி, தொப்பி, செருப்பு மூன்றையும் கழற்றணும்.

துண்டும், மாற்று உடையைச் சுருட்டிய பொட்டணமும், பெட்ஷீட் கவரும் அப்படியே தொடரலாம். முந்தின நாள் ஈரத்துணியை அதிலிருந்து எடுத்துக் காயப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மறந்தால் மதுரை போய்த் திறக்கும்போது நாறும்.